‘ஒரு குவார்ட்டர்தானே’ என்னும் சமாதானம்: மிகைக்குடியின் விலையைச் செலுத்துவது யார்?

புதுதில்லி: தலைநகரின் மந்திர் மார்க் பகுதியிலுள்ள வால்மீகி கோயிலில் 1946, 1947 ஆண்டுகளில் மகாத்மா காந்தி பல மாதங்கள் தங்கியிருந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய மதுவிலக்கு, பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் அரசின் கடமையாக இடம்பெற்றது. எனினும், எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதோடு, எப்படிக் குடிக்கிறார்கள் என்பதும் இன்று கவலைக்குரியதாகியுள்ளது.

ஒரே அமர்வில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் தூய ஆல்கஹால் அருந்துவதை மிகைக்குடியாக உலக சுகாதார அமைப்பு கருதுகிறது. 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட 180 மி.லி. குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது ஏறத்தாழ 61 கிராம். ஆக, ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்று சமாதானம் கூறி அதை ஒரே மூச்சில் காலி செய்பவர் அந்த எல்லையை அப்போதே தொட்டுவிடுகிறார்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் 5.7 கோடிக்கும் அதிகமானோருக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால், மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்துள்ளது.

பாதிப்பு குடிப்பவரோடு நிற்பதில்லை. கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் பெண்களில் சுமார் 70 சதவீதத்தினர் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு காட்டுகிறது. குடிக்காத கணவர்களைக் கொண்ட பெண்களிடையே இது கால்பங்குக்கும் குறைவு.

தமிழகத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 2023-24-இல் இதன்வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.45 ஆயிரம் கோடியைத் தாண்டியது. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

கடைகளைக் குறைப்பது மட்டும் போதாது என்பதையே இது உணர்த்துகிறது. குடிக்கும் பழக்கம் அப்படியே இருக்க, கடை மட்டும் மூடப்பட்டால், மலிவான நஞ்சு அந்த இடத்தை நிரப்பக்கூடும். மது வருவாயில் ஒரு பங்கை வட்ட மருத்துவமனைகள்தோறும் போதை மீட்புச் சிகிச்சைக்கு ஒதுக்குவதும், பாட்டிலில் ஆல்கஹாலின் அளவைக் கிராமில் தெளிவாக அச்சிடுவதும் உடனடியாகச் செய்யக்கூடியவை. கஜானாவுக்கு வரும் தொகை ஆண்டுதோறும் அவையில் அறிவிக்கப்படுகிறது. குடும்பங்கள் இழப்பதற்கு அத்தகைய கணக்கு இல்லை.