பொதுவுடைமைப் பூச்சாண்டி



பிள்ளை அழுதால் பூச்சாண்டி வருகிறான் என்று தாய் மிரட்டுவாள். சர்க்கார்களுக்கும் ஒரு பூச்சாண்டி உண்டு. அதன் பெயர் பொதுவுடைமை. அமெரிக்காவில் மக்கார்த்தி கூட்டத்தார் அதைக் காட்டியே உபாத்தியாயர், உத்தியோகஸ்தர், சினிமாக்காரர் பலரின் பிழைப்பில் மண் போட்டார்கள். கட்சித் தலைவர்கள் 11 பேரைத் தண்டித்தது சரியே என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டே 1951இல் சொல்லிற்று.

இதைக் கண்டு நகைக்க நமக்கு யோக்கியதை உண்டா? 1950 பிப்ரவரி 11ந் தேதி, சேலம் சிறைக்குள் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பூட்டும் சாவியும் துப்பாக்கியும் யார் கையில் இருந்தன? அகிம்சை பேசிய கதர்ச்சட்டை மந்திரிகளின் சர்க்கார் கையில்தானே!

அடுத்து மார்ச்சு 1ந் தேதி, ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையவே கூடாதென்று உத்தரவு. அது செல்லாதென்று மே 26ந் தேதி டில்லி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு இடைஞ்சலென்று கண்டதும் 1951இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, பேச்சுரிமைக்குக் குறுக்கே 'பொது ஒழுங்கு' என்றொரு முளையை அடித்தார்கள்.

கம்யூனிஸ்டுகளின் முறைகளெல்லாம் நமக்குச் சம்மதமென்பதல்ல. ஆனால் ஈ.வெ.ரா. ரஷ்யா சென்று வந்து சமதர்மம் பேசியபின், 1933இல் 'குடி அரசு'த் தலையங்கத்திற்காக வெள்ளைக்காரச் சர்க்கார் அவரைப் பிடித்ததை மறக்கலாமா?

"கம்யூனிஸ்டுக்குத்தானே தடை, நமக்கென்ன?" என்கிற பாடாலூர்த் தோழரைக் கேட்கிறோம்: அந்த முளை இன்றும் பிடுங்கப்படவில்லை, நாளை உமதூரில் நாம் புராணப் புரட்டைப் பேச மேடை போட்டால், போலீசார் எந்தச் சொல்லைக் காட்டித் தடுப்பார்கள்?