ஒன்பது மாலைகளும் ஒன்பது இராகங்களும்

நம் சங்கத்தைச் சேர்ந்த இல்லங்கள் பலவற்றில் இப்போது பிள்ளைகள் கீபோர்டு பயில்கின்றனர். சிலர் பியானோவே பயில்கின்றனர். தேர்வுச் சான்றிதழ்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகளும் உண்டு. நன்று. இசை எத்திசையிலிருந்து வரினும் அதனை வரவேற்பதில் பிழையில்லை. ஆயினும் அப்பிள்ளைகளை அழைத்து, “ஒரு வித்துவான் இரண்டு மணி நேரம் வாசிப்பதையோ பாடுவதையோ முழுதும் இருந்து கேட்டதுண்டா?” என்று வினவினால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கின்றது. கேளாமல் பயிலும் இசை, உண்டறியாதவர் கற்கும் சமையலை ஒக்கும். ஆதலின் இத்திங்கள் கேட்டலைப் பற்றியே சில சொல்ல விழைகின்றேன்.

பியானோ என்னும் கருவி 1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவரால் ஆக்கப்பெற்றது. ஆனால் ஒருவரே மேடையில் தனித்து அமர்ந்து ஒரு மாலை முழுவதும் அதனை வாசிப்பது என்னும் வழக்கம் மிகப் பிற்பட்டது. ஹங்கேரியில் பிறந்த பிரான்ஸ் லிஸ்ட் 1839-இல் உரோமிலும், 1840-இல் இலண்டனிலும் அதனைத் துணிந்து நடத்திக் காட்டினார். அதுகாறும் ஒரே மேடையில் பாடகரும் குழலூதுவோரும் வயலின் வாசிப்போரும் மாறிமாறித் தோன்றுவதே மரபாக இருந்தது. “ஒருவரை மட்டும் இவ்வளவு நேரம் யார் கேட்பார்?” என்று ஐயுற்றோர் பலர். கேட்டார்கள். பின்னாளில், 1927-இல், ஆர்தர் ஷ்னாபல் என்னும் மேதை பெர்லின் நகரில் பீத்தோவன் இயற்றிய 32 சொனாட்டாக்களையும் ஏழு கச்சேரிகளில் முறையாக வாசித்து முடித்தார். ஒரு கச்சேரி என்பது ஒரு விருந்து. கச்சேரி வரிசை என்பது ஒரு பாடத்திட்டம். நாள்தோறும் வந்து அமர்பவரது செவியே அங்கே மெல்ல மெல்ல உருவாகின்றது.

இத்தகைய வரிசை ஒன்று, ஆரியசாலையில் வாழும் நமக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே ஆண்டுதோறும் நிகழ்கின்றது. கிழக்குக் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை அடுத்து, குதிரைமாளிகையை ஒட்டி அமைந்த நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் நடைபெறும் கச்சேரிகளையே குறிப்பிடுகின்றேன். லிஸ்ட் பிறந்தது 1811-இல். இக்கச்சேரிகளில் பாடப்பெறும் ஒன்பது கீர்த்தனைகளை இயற்றிய சுவாதித் திருநாள் மகாராஜா பிறந்தது 1813-இல். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஒரே காலத்தவர் என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

இவ்விழாவில் நமக்குள்ள உரிமை சிறிதன்று. பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள்ளிருந்து புறப்பட்டு, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் வந்து சேர்கின்றனர். பத்மநாபபுரம் முற்காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகர். தலைநகர் மாறிய பின்னர் விழாவும் இங்கு மாறியது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னரும் இப்பயணம் நின்றுவிடவில்லை. சரசுவதி நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும், குமாரசுவாமி நம் ஆரியசாலைத் தேவி கோயிலிலும் தங்குகின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்றும், அவர் அதனைச் சேர மன்னனிடம் ஒப்படைத்தார் என்றும் ஒரு கதை வழங்கி வருகின்றது. கதையின் மெய்ம்மையை ஆராய்வது இங்கு நம் பணியன்று. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, ஊர் விட்டு ஊர் வரும் அத்தெய்வம் உறவாகத் தோன்றுவதில் வியப்பில்லை அன்றோ?

ஊர்வலத்தைக் காண நம்மவர் திரளாக வருகின்றனர். குழந்தையைத் தோளில் ஏற்றிக் காட்டுகின்றனர். வணங்கி வீடு திரும்புகின்றனர். ஆனால் எதற்காகச் சரசுவதி அத்துணைத் தொலைவு வந்தாளோ, அந்த இசையைக் கேட்க எத்தனை பேர் செல்கின்றோம்? இவ்வினாவை ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் கேட்டுப் பார்க்க வேண்டுகின்றேன்.

கச்சேரியின் அமைப்பையும் கூறுவேன். மாலை ஆறு மணியளவில் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நடக்கும். முதலில் முல்லமூட்டுப் பாகவதர்கள் மரபுப்படி தோடயமங்களம் பாடுவர். அதன்பின் அன்றைய வித்துவான் அன்றைக்குரிய இராகத்தை ஆலாபனை செய்து, தானம் பாடி, கீர்த்தனையை விரிப்பார். தானத்திற்கும் மிருதங்கம் சேர்ந்து ஒலிப்பது இம்மண்டபத்தின் தனிச் சிறப்பு. வித்துவான் சபையை நோக்கி அமர்வதில்லை. தேவியின் சன்னிதியை நோக்கி அமர்கின்றார். கைதட்டல் இல்லை. லிஸ்ட், தம் முகத்தோற்றம் சபையோர்க்குப் புலப்படும்படி பியானோவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார் என்பர். இங்கோ பாடுபவர் சபையை மறக்கின்றார். கேட்பவரும் தம்மை மறந்தாலன்றி முழுப் பயன் எய்துதல் அரிது.

ஒன்பது நாட்களுக்கும் இராகங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. ஆண்டுதோறும் இவையே. “ஆண்டுதோறும் அதையேதான் பாடுகிறார்களா?” என்று இளைஞர் கேட்கலாம். பீத்தோவனின் சொனாட்டாக்களும் இருநூறு ஆண்டுகளாக அவையேதாம். பாட்டு மாறாதபோதுதான் பாடுவோரின் மனம் விளங்குகின்றது. சென்ற ஆண்டின் தோடி நம் செவியில் நின்றால்தான், இவ்வாண்டின் தோடி நம்மோடு பேசும்.

கீபோர்டு பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு வழி கூறுவேன். ‘சி’ என்னும் கட்டையை ஷட்ஜமாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்துக. முதல் நாளின் சங்கராபரணத்திற்குரிய ஏழு சுரங்களும் கிடைக்கும். அதில் மத்திமத்தை மட்டும் ஒரு கட்டை உயர்த்திக் கறுப்பில் வைக்க, இரண்டாம் நாளின் கல்யாணி பிறக்கும். அடுத்து, இரண்டிரண்டாக நிற்கும் கறுப்புக் கட்டைகளுள் இடப்புறத்ததை ஷட்ஜமாகக் கொண்டு, கறுப்புக் கட்டைகளை மட்டும் மேலேறி அழுத்த, ஏழாம் நாளின் சுத்தசாவேரி வரும். ஒரு வீட்டுப்பாடம்போல் இதனைச் செய்துவிட்டு மண்டபத்திற்கு வரட்டும். தாம் அழுத்திய சுரங்களை வித்துவான் எங்ஙனம் உயிர்ப்பிக்கின்றார் என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

நான்காம் நாளில்தான் அவர்களுக்கு உண்மை விளங்கும். தோடியின் சுரங்களை அங்ஙனமே கட்டைகளில் அழுத்தினால் தோடி வாராது. பியானோவில் ஒரு சிறு சுத்தியல் தந்தியைத் தட்டுகின்றது. தட்டியபின் அவ்வொலியை வளைக்க வழியில்லை. நம் கமகமோ, ஒரு சுரத்திற்கும் மற்றொன்றிற்கும் இடையிலுள்ள வெளியிலேயே வாழ்வது. வயலினில் விரல் வழுக்கிச் செல்ல இடமுண்டு. ஆதலின் அது மேனாட்டிலிருந்து வந்தும் நம்முடையதாயிற்று. அதனைத் திருவிதாங்கூர் அரசவையில் ஏற்றம் பெறச் செய்தவர் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு. சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பிற்காலத்தில் மகாராஜாவின் சாகித்தியங்களைத் தொகுத்துப் பரப்பிய அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், செம்மங்குடி சீனிவாச ஐயரும் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வந்தவர்களே.

மற்றொரு செய்தியையும் மறைத்தல் முறையன்று. நெடுங்காலம் இம்மண்டபத்தில் பெண்கள் பாட இடமில்லாதிருந்தது. இக்கீர்த்தனைகளை அடுக்களையில் முணுமுணுத்த நம் பாட்டிமார் எத்தனை பேர்! 2006-ஆம் ஆண்டில்தான், எண்பது வயதைக் கடந்த பாறசாலை பொன்னம்மாள் அங்கு அமர்ந்து பாடிய முதல் பெண்மணியானார். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி அவர். கற்றதைப் பாடுதற்குரிய இடத்தில் பாட ஒரு வாழ்நாள் காத்திருந்தார் எனலாம். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2021-இல் மறைந்தார். இவ்வளவு காத்திருந்து திறந்த கதவின் முன், நேரமில்லை என்று நாம் கடந்து செல்வது தகுமா?

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது நாளும் செல்ல இயலாதோர் மூன்று நாளேனும் செல்க: முதல் நாள், நான்காம் நாள், ஒன்பதாம் நாள். கடை வைத்திருப்போர் முறை மாற்றிக்கொள்ளலாம். கணவர் கடையிலிருக்க மனைவியும் மகளும் செல்லட்டும், மறுநாள் அவர் செல்லட்டும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்க. கைப்பேசியை வீட்டில் வைத்துச் செல்க. தொடங்கும் முன்னரே சென்று அமர்க, முடியுமுன் எழாதீர். முதல் நாளில் பிள்ளை நெளியும். மூன்றாம் நாளில் அது வினவத் தொடங்கும். அவ்வினாவிற்கு விடை தெரியாவிடினும் கவலையில்லை. மறுநாளும் சேர்ந்து சென்று கேட்டால், விடை அங்கேயே கிடைக்கும்.