அழுறதுக்கும் அளவுகோலா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. இன்னிக்கு எழுதலைன்னா மண்டை வெடிச்சிடும் போல இருக்கு மக்களே.

2024 பிப்ரவரி. ராத்திரி ரெண்டு மணி. தம்பியோட போர்வைக்குள்ள செல்போன் வெளிச்சம். பிளஸ் டூ பரிட்சைக்கு ரெண்டே வாரம். படிக்கிறான்னு நினைச்சுப் போர்வையை விலக்கினா, அழுதுட்டிருக்கான்.

காதுல ஹிந்த் ரஜபோட குரல். காஸாவில சுடப்பட்ட காருக்குள்ள, இறந்துபோன சொந்தக்காரங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட அஞ்சு வயசுப் பொண்ணு. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி செம்பிறைச் சங்கத்துக்கிட்ட போன்ல கெஞ்சினா. அது ஜனவரி 29. பிப்ரவரி 10-ல சடலமாத்தான் கிடைச்சா. காப்பாத்தப் போன ஆம்புலன்ஸ்காரங்க ரெண்டு பேரும் உயிரோட இல்லை.

"எத்தனாவது தடவைடா கேக்குற?"

"தெரியலை காக்கா. நிறுத்தினா துரோகம் பண்ற மாதிரி இருக்கு."

துரோகம்! இந்த வார்த்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? என் சண்டை அவங்களோடதான்.

ஜும்ஆ முடிஞ்சு வெளியே வந்தா ஒருத்தர், "உனக்கெல்லாம் எப்படிப்பா பிரியாணி இறங்குது?" வாட்ஸப் குழுவுல இன்னொருத்தர், "தூக்கம் வருதா? அப்ப உன் ஈமானைச் சோதிச்சுப் பாரு." ஸ்டேட்டஸ்ல ரத்தம் சொட்டுற படம் இல்லைன்னா கல்நெஞ்சக்காரன். கையோட ஒரு ஹதீஸ் வேற: முஃமின்கள் ஒரே உடம்பு மாதிரி, ஒரு உறுப்பு வலிச்சா மொத்த உடம்பும் தூக்கமில்லாம காய்ச்சல்ல கிடக்கும்னு.

ஒத்துக்கிறேன் ஐயா. ஆனா எந்த உடம்பாவது தன் காயத்தைத் தானே நோண்டிக்கிட்டு இருக்குமா?

பகலெல்லாம் நோன்பு, ராத்திரியெல்லாம் தொழுகைன்னு இருந்த அபூதர்தாவை (ரலி), உனக்கும் உன் குடும்பத்துக்கும் உன் மேல உரிமை இருக்குன்னு சொல்லித் தூங்க வச்சாங்க ஸல்மான் (ரலி). ஸல்மான் சொன்னது சரிதான்னுட்டாங்க நபி (ஸல்). தொழுகைக்கே ஒரு அளவு இருக்குன்னா, மரண வீடியோவுக்கு இல்லையா?

பிஃரு மஊனாவுல குர்ஆன் ஓதும் தோழர்கள் எழுபது பேர் கொல்லப்பட்டாங்க. நபி (ஸல்) ஒரு மாசம் குனூத் ஓதினாங்க. அப்புறம் நிறுத்தினாங்க. அந்தத் தோழர்களை மறந்துட்டாங்கன்னு சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கா?

மார்க்கம் பேசினா ஒதுங்கிப் போறவங்களுக்கு ஒரு ஆராய்ச்சி. 2013-ல பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்துச்சு. அடுத்த வாரம் முழுக்க தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல அந்தச் செய்திகளையே பார்த்தவங்களுக்கு, சம்பவ இடத்துல இருந்தவங்களை விட மன அழுத்தம் அதிகமா இருந்துச்சு. இர்வைன்ல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது இது.

இதுக்காக, "சபர் பண்ணு, அழாதே"ன்னு வாயை மூடுற கூட்டத்தோடயும் நான் இல்லை. மகன் இப்ராஹீம் இறந்தப்போ நபியே (ஸல்) அழுதாங்க. அழுகை தப்பில்லை. அழுகைக்கு வருகைப்பதிவு எடுக்கறதுதான் தப்பு.

தம்பியும் நானும் அன்னிக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம். செய்தி ஒரு நாளைக்கு ஒரு தடவை, மஃரிபுக்கு அப்புறம், எழுத்துல மட்டும். வீடியோ கிடையாது. துஆ உண்டு. முடிஞ்ச காசு உண்டு. இஷாவுக்கு அப்புறம் போன் உம்மா கையில.

மார்க் குறைச்சல்தான் வந்துச்சு. ஆனா சாப்பிட ஆரம்பிச்சான்.

2025 அக்டோபர் 10-ல போர்நிறுத்தம்னாங்க. அதுக்கப்புறமும் சாவுச் செய்தி வந்துச்சு. இது ஒரு ராத்திரியில அழுது முடிக்கிற துக்கம் இல்லை. இதைச் சுமக்க, தூங்கி எழுந்த மனுஷன் வேணும். பிள்ளைகளைத் தூங்க விடுங்க.

டிஸ்கி: "அக்டோபர் 7-க்கு அழுதியா?"ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறவங்களுக்கு: 2023-ல அந்த நாள் இஸ்ரேல்ல சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டாங்க. அதுல இருந்த குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் இந்தத் துக்கம். அளவுகோலைக் கீழே போடச் சொல்றது உங்களையும் சேர்த்துத்தான்.