பெரிய இன்ஜின் வேண்டாம் அண்ணா, இருக்கிறதை ஒழுங்கா கட்டு!

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே சண்டை. சொத்துச் சண்டை இல்லை, இன்ஜின் சண்டை. ஒரு பக்கம் பெரியப்பா பையன், அதாவது அண்ணன். இன்னொரு பக்கம் மெக்கானிக்கல் படிக்கிறேன் என்ற ஒரே தகுதியோடு நான். நடுவில் ஷெட்டில் நிற்கிறது 90களில் வாங்கிய மஹிந்திரா ஜீப்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. தோட்டத்திலிருந்து மெயின் ரோடு வரை மண் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் அது பாதையே இல்லை, சேற்றுக் குழம்பு. பறித்த பச்சை இலையைச் சாக்கில் அமுக்கி ரொம்ப நேரம் வைத்தால் சூடேறிக் கருகும், ஃபேக்டரியில் விலை விழும். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே இந்த ஜீப் ஏறுவதைப் பொறுத்துத்தான். இப்போது அது நீலப்புகை விடுகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. கையில் இருப்பது இலை விற்று மிச்சம் பிடித்த 60,000 ரூபாய்.

அண்ணன் என்ன சொல்கிறான்? "இதைத் தூக்கிப் போட்டுட்டு பெருசா ஒரு இன்ஜின் வைப்போம்டா. அமெரிக்காவுல சேத்துல வண்டி எப்படிப் பறக்குது பார்த்தியா?"

பார்த்தேன் அண்ணா. நீ பார்க்காத பகுதியையும் சேர்த்துப் பார்த்தேன்.

அங்கே 'பிக் பிளாக்' என்று சொல்வது 7 லிட்டருக்குப் பக்கத்திலும் மேலும் இருக்கும் வி8 பெட்ரோல் இன்ஜின்களை. 1970ல் வந்த செவர்லே 454ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 454 என்பது கன அங்குலம், நம் கணக்கில் 7.4 லிட்டர். எங்கள் ஜீப்பில் இருப்பது பியூஜோ வடிவமைத்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல், 2112 சிசி. மூன்றரை மடங்கு வித்தியாசம்! ஆனால் அந்த ஊர்ப் பையன் ஏன் 454 வைக்கிறான்? அவன் ஊர்ப் பழைய பிக்கப் லாரிகளில் அந்த இன்ஜின்தான் இருந்தது. காயலான் கடையில் கிடைக்கிறது, பிஸ்டனும் பேரிங்கும் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கின்றன. அவன் பெரிதைத் தேடிப் போகவில்லை, பக்கத்தில் இருப்பதை எடுத்துக் கட்டுகிறான். அவனிடமிருந்து நாம் காப்பியடிக்க வேண்டியது இந்தப் புத்தியை, இன்ஜினை அல்ல. நம்ம ஊர்க் காயலான் கடையில் கிடைப்பது எது? சென்னை புதுப்பேட்டை வரை தேடினாலும் ஜீப்பின் பாகங்கள்தான் சல்லிசாகக் கிடைக்கும்.

அடுத்து, சேற்றில் ஏற இத்தனை குதிரைசக்தி தேவையா? இரண்டாம் உலகப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் ஓடின. அவற்றில் இருந்தது 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி இன்ஜின். ஐரோப்பாவின் சேறு, பர்மாவின் சேறு எல்லாம் அதில்தான் தாண்டினார்கள். எங்கள் டீசலும் ஏறக்குறைய அதே சக்திதான். வண்டியைத் தூக்குவது நாலு வீல் பிடிப்பும் லோ கியரும். லோ போட்டால் வேகம் பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வழுக்குகிற டயரில் 300 குதிரைசக்தியைக் கொடுத்தால் டயர் இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், நம் மலைக்கே உரியது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் டர்போ இல்லாத இன்ஜின் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஊட்டியில் நிற்கும்போது ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். காற்று குறைவு, ஆனால் பம்ப் அதே டீசலைத் தள்ளுகிறது. அதனால் கரும்புகை. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடுகிற வண்டி மேலே வந்து கறுப்பாகப் புகைத்தால் உடனே "இன்ஜின் போச்சு" என்று இறக்கிவிடாதீர்கள். ஏர் ஃபில்டரைப் பாருங்கள், நாசிலைப் பாருங்கள், பம்ப் செட்டிங்கைப் பாருங்கள். காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். நீலப்புகை என்றால்தான் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அப்போதும் கம்ப்ரஷன் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

எங்கள் வண்டியில் நீலப்புகை ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு பட்டறையில் "ரிங் மட்டும் மாத்துனா போதும்" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். சிலிண்டரை யாரும் அளக்கவில்லை. தேய்ந்து முட்டை வடிவமாகிப்போன போரில் வட்டமான புது ரிங் எப்படி உட்காரும்? மூன்றே மாதத்தில் பழைய கதை. கொடுத்த காசு அத்தனையும் புகையாய்ப் போனது. சிக்கனம் என்று நினைத்துச் செய்த வீண் செலவு அது. தப்பு அவர்கள் மீது பாதி, கேட்காமல் இருந்த எங்கள் மீது பாதி.

அதனால் என் திட்டம் இதுதான். எங்கே கை நீட்டிச் செலவு செய்யணும், எங்கே மிச்சம் பிடிக்கணும் என்று பிரித்துக்கொள்வது. கழற்றுவது, மண்ணெண்ணெயில் கழுவுவது, கார்பன் சுரண்டுவது, வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைப்பது எல்லாம் நாங்களே செய்யலாம், கூலி மிச்சம். ஆனால் அளவெடுப்பதும் லேத் வேலையும் கோயம்புத்தூரில் நல்ல பட்டறையில்தான். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே, நெடுக்கிலும் குறுக்கிலும் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். தேய்மானம் அளவு மீறினால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், லைனர் உள்ள இன்ஜின் என்றால் புது லைனர். கிராங்க்கில் கோடு விழுந்திருந்தால் கிரைண்டிங் பண்ணி, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங். ஆயில் போகும் ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்யணும். பேரிங், ஆயில் பம்ப், பேக்கிங் செட் இந்த மூன்றிலும் பழசு கூடாது, டூப்ளிகேட் கூடவே கூடாது. டைனமோ, ரேடியேட்டர், பிராக்கெட் எல்லாம் செகண்ட்ஹேண்ட் ஓடும்.

சரி, அண்ணன் பேச்சைக் கேட்டுப் பெரிய இன்ஜினே வைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு? கியர்பாக்ஸ் தாங்காது. அதை மாற்றினால் ஆக்சில் தாங்காது. ஆக்சிலையும் மாற்றினால்.... நிறுத்துவது எதை வைத்து? எங்கள் வண்டியில் நாலு வீலிலும் டிரம் பிரேக். தண்ணீரில் இறங்கி ஏறினால் நனைந்த டிரம் பிடிக்காது. போன மழையில் நான் ஓட்டிக்கொண்டு இறங்கும்போது அப்படித்தான் வழுக்கித் தேயிலைச் செடிக்குள் போய் நின்றேன். பின்னால் சாக்கு மூட்டைகள் மேல் இரண்டு அக்காக்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. செடி இல்லாமல் சரிவாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மலையில் ஏறுவது இன்ஜின் வேலை, உயிரோடு இறங்குவது பிரேக் வேலை. 60,000ல் முதல் பங்கு பிரேக்குக்கு என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

சட்டமும் இருக்கிறது. இன்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

"அப்ப வண்டியையே உடைச்சுப் போடு" என்கிற கூட்டம் ஒன்றும் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றினார்கள். பழைய டீசல் புகை கெடுதல் என்பதை நான் மறுக்கவில்லை, நாங்கள்தானே இங்கே சுவாசிக்கிறோம்! ஆனால் ஒழுங்காகக் கட்டின இன்ஜின் புகையைக் குறைக்கும். அதற்கு ஒரு சலுகையும் கிடையாது, வயதுக்கு மட்டும் அபராதம் என்றால் எந்த ஊர் நியாயம்? புது 4x4 வாங்க எந்தச் சிறு விவசாயியிடம் காசு இருக்கிறது? ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: பிளாக் வெடித்திருந்தால், சேசிஸ் துருவில் இற்றுப்போயிருந்தால், பாசம் பார்க்காமல் விட்டுவிட வேண்டியதுதான்.

நேற்று இரவு அண்ணன் ஒரு சமாதானத்துக்கு வந்தான். "சரிடா, அளந்து பார்ப்போம். அளவு என்ன சொல்லுதோ அதைச் செய்வோம்." எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வருகிற ஞாயிறு இன்ஜினை இறக்குகிறோம். போர் கேஜ் என் பக்கம் பேசினால் டீ அண்ணன் செலவு. அவன் பக்கம் பேசினால்.... அப்பவும் பிரேக் முதலில், அதில் மாற்றமில்லை :)