அரியலூருக்கு முன்னும் பின்னும்

சங்கத்தின் மகாசபையில் நிர்வாகக் குழுவினர் மீது குறை எழும்போதெல்லாம், அங்கத்தினர் யாரேனும் ஒருவர் எழுந்து, அரியலூர் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்யவில்லையா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பதில் தவறில்லை. ஆனால் அவருடைய பொதுவாழ்வில் அந்த ஒரு நாளை மட்டும் பிரித்தெடுத்துப் பேசுவது அவருக்கும் பெருமையன்று. நமக்கும் பயனன்று என்பது நம் கருத்து.

1956 நவம்பர் 23 அன்று விடியுமுன், பெருமழையில் மருதையாறு பெருக்கெடுத்து அரியலூர் அருகே ரயில் பாதையை அரித்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போது சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவைப் பண்டித நேரு ஏற்கவில்லை, இம்முறை ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக ஏற்கவில்லை, அரசியல் நெறிக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்பதாகப் பாராளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார்.

ஆறு மாதம் செல்லுமுன், 1957இல் அலகாபாத் தொகுதியில் வென்று, அதே சாஸ்திரி போக்குவரத்து, தகவல் தொடர்பு மந்திரியாக மீண்டும் வந்தார். அப்படியானால் ராஜினாமாவுக்கு என்ன பொருள் என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. பதவியை விட்டவர் வாக்காளரிடம் சென்று, அவர்கள் அனுப்ப வந்தார். அதற்கு முன் அவர் செய்திருந்த வேலையும் மக்கள் கண்முன் இருந்தது. 1947இல் ஐக்கிய மாகாணத்தில் போலீஸ், போக்குவரத்து இலாகாக்களை ஏற்றபோது பஸ்களில் பெண்களைக் கண்டக்டர்களாக நியமித்தார். 1952இல் மத்திய ரயில்வே மந்திரியானபின், அந்நாளில் இருந்த மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் வசதியில் கருத்தூன்றினார்; அப்பெட்டிகளில் மின்விசிறி சுழலத் தொடங்கியது அவர் காலத்தில்தான். கூட்ட நெரிசலில் நெசவு மூட்டையுடன் பிரயாணம் செய்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

நம் சங்கங்களிலோ ராஜினாமாவுக்கு வேறு பழக்கம் உண்டு. நூல் இருப்பு குறைந்திருக்கும். விதைக் கடன் வசூலாகாமல் நிற்கும். தணிக்கையாளர் வரும் வாரத்தில் காரியதரிசி உடல்நிலை காரணம் காட்டி விலகுவார். பற்று வரவை ஒப்படையாமல் போகிறவரையும் சாஸ்திரியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசலாமா? பதவியை விட்டது போதும் என்று மகாசபை அவரை விட்டுவிடுவதே நமக்கு நஷ்டம். முதலில் கணக்கைக் கேளுங்கள். ராஜினாமாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டுறவாளருக்கு அவர் நெருக்கமாவதற்கு வேறு காரணமும் உண்டு. 1964 அக்டோபரில், பிரதமராக இருந்தபோது, குஜராத்தில் கேடா ஜில்லாவின் அஜர்புரா கிராமத்தில் ஓர் இரவு தங்கிப் பால் உற்பத்தியாளர் சங்கம் நடக்கும் விதத்தைக் குடியானவர்களிடமே கேட்டறிந்தார். மறு ஆண்டு தேசியப் பால்வள வாரியம் டில்லியில் அல்ல, ஆனந்தில் அமைந்தது.

நெசவாளர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. 1928இல் தம் திருமணத்திற்கு அவர் பெண் வீட்டாரிடம் ஏற்றது ஓர் இராட்டையும் சில கஜம் கதரும். இத்தனை காலம் நாட்டின் போக்குவரத்தை நடத்தியவர் குடும்பத்திற்கென ஒரு ஃபியட் கார் வாங்கியது பிரதமரான பிறகே. விலை 12,000 ரூபாய். கையில் 7,000 இருந்தது. மிச்சம் 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் பாங்கில் கடனாகப் பெற்றார். கடன் தீருமுன் 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் காலமானார். நிலுவையை லலிதா அம்மையார் தம் பென்ஷனிலிருந்து கட்டி முடித்தார்.