தன் கப்பலைத் தானே எரித்த கதை

ரஞ்சன்காவுக்கு நான் வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பிறந்தது கடலூர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. மகனுக்கும் இங்கே எம்.ஐ.டி.சி.யில்தான் உத்தியோகம். சங்கடஹர சதுர்த்தியன்று மகாகணபதி கோயிலுக்குப் போனால் நம்மவர்கள் நாலைந்து பேரையாவது பார்த்துவிடலாம். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான இந்தக் கோயிலில் மூர்த்திக்கு நிலவறை அமைத்துக் கொடுத்தவர் மாதவராவ் பேஷ்வா என்றும், யுத்தத்துக்குப் போகும் வழியில் இங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார் என்றும் ஊரார் சொல்வார்கள்.

சென்ற சதுர்த்தியன்று பேரன் அதைக் கேட்டுவிட்டு, "தாத்தா, ராஜேந்திர சோழனிடம் இருந்த மாதிரி பேஷ்வாவிடமும் கப்பல் இருந்ததா?" என்றான்.

"இருந்ததடா, கண்ணா. இந்த மாதவராவுடைய அப்பா அதை எரித்துவிட்டார்" என்றேன்.

பையன் சிரித்தான். கூட வந்திருந்த பக்கத்து வீட்டு நண்பர் சிரிக்கவில்லை. அவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மராத்தியர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'சர்'தான். "எரித்தது இங்கிலீஷ்காரன். எங்கள் நானாசாகேப் இல்லை" என்றார் சற்றுக் கோபமாக. அன்று தொடங்கிய வாதம் இரண்டு வாரம் நடந்தது. அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொங்கணக் கடற்கரையில் கானோஜி ஆங்ரே என்ற மராத்தியக் கடற்படைத் தளபதி இருந்தார். அவருடைய அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கரையோரம் கப்பல் ஓட்ட முடியாது. போர்த்துக்கீசியர் பறங்கிச் சீட்டு எழுதிக் கொடுத்து நூறு வருடத்துக்கு மேல் வசூல் பண்ணினார்களே, அதே வழக்கம்தான். போர்த்துக்கீசியன் செய்தால் அது அரசாட்சி, ஆங்ரே செய்தால் கடற்கொள்ளை என்று கும்பினியார் எழுதி வைத்தார்கள். நாமும் பள்ளிக்கூடத்தில் அப்படியே படித்தோம். 1721-ல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் சேர்ந்து அலிபாகை அடுத்த கொலாபா கோட்டைமேல் படையெடுத்தார்கள், தோற்றுத் திரும்பினார்கள். 1729-ல் கானோஜி கண்ணை மூடினார். பிறகு நம் ஊர்க் கூட்டுக்குடும்பக் கதைதான். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கொலாபா ஒரு மகனுக்கு, விஜயதுர்க்கம் இன்னொருவருக்கு என்று பாகம் பிரிந்தது.

விஜயதுர்க்கம் கடைசியில் துளாஜி ஆங்ரே கைக்கு வந்தது. கெட்டிக்காரர், ஆனால் முரட்டு மனிதர். பேஷ்வாவுக்கு அடங்க மறுத்தார், கட்ட வேண்டியதைக் கட்டவில்லை, அக்கம்பக்கத்து மராத்தியத் தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை. நானாசாகேப் என்கிற பாலாஜி பாஜிராவ் பேஷ்வாவுக்குப் பொறுமை போய்விட்டது. இவ்வளவு தூரம் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடங்காத தம்பியைத் தட்டிவைக்க அண்ணனுக்கு உரிமை உண்டு.

ஆனால் தட்டுவதற்கு யாரைக் கூப்பிட்டார்? 1755 மார்ச்சில் பம்பாய்க் கும்பினியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அடுத்த மாதமே கொமடோர் ஜேம்ஸ் என்பவன் சுவர்ணதுர்க்கத்தைப் பிடித்துவிட்டான். அந்த வருடக் கடைசியில் அட்மிரல் வாட்சன் பெரிய போர்க்கப்பல்களோடு பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே ராபர்ட் கிளைவ் இருந்தான், நம் ஆற்காட்டுக் கிளைவ்தான். தக்காணத்தில் பிரெஞ்சுக்காரரை அடிப்பதற்காக இங்கிலாந்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதற்குள் இந்தியாவில் இரண்டு கும்பினிகளும் தற்காலிகச் சமாதானம் செய்துகொண்டதால் அவன் சும்மா இருந்தான். சும்மா இருந்த படைக்கு வேலை கொடுத்தது நம் பேஷ்வா!

இவர்கள் பம்பாயிலிருந்து புறப்படுமுன்பே கொள்ளையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று உட்கார்ந்து பேசி முடித்தார்கள். கூட்டாளிகளான மராத்தியருக்கு அதில் பங்கு கிடையாது. 1756 பிப்ரவரியில் விஜயதுர்க்கத்தின் முன் வந்து நின்றார்கள். துளாஜி அப்போது கோட்டையில் இல்லை. சமாதானம் பேசப் பேஷ்வாவின் பாளையத்துக்குப் போயிருந்தார். கோட்டை முகப்பில் அவருடைய குராப்புகளும் சிறு கலபத்துகளும் ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டிக் கிடந்தன. ஒரு குண்டு அவற்றில் ஒரு கப்பலில் விழுந்தது. அது முன்னொரு சமயம் கும்பினியாரிடமிருந்து துளாஜி பிடித்த கப்பல் என்பது விதியின் விளையாட்டு. தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, கொஞ்ச நேரத்தில் கடற்படை முழுவதும் எரிந்தது. கட்டுமானத்தில் இருந்த கப்பல்களும் தப்பவில்லை. மறுநாள் கோட்டையும் விழுந்தது. சுமார் பத்து லட்சம் ரூபாய் கிடைத்தது என்கிறார்கள். அதை அவர்களே பங்கிட்டுக்கொண்டார்கள். கோட்டையைக்கூடப் பேஷ்வாவிடம் உடனே கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் இழுத்தடித்து, பதிலுக்குப் பாண்கோட்டை எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கொடுத்தார்கள். துளாஜியின் காலம் சிறையிலேயே முடிந்தது.

சர் சொல்லும் பதில் இது: அப்புறமும் மராத்தியக் கடற்படை இருந்தது, அதே விஜயதுர்க்கத்தில் ஆனந்தராவ் துளப் இருந்தார், 1783-ல் இங்கிலீஷ் கப்பல் 'ரேஞ்சர்' அவரிடம் அகப்பட்டது. உண்மைதான். இன்னொன்றும் சொல்கிறார், அதையும் நான் மறுக்கவில்லை. ஆங்ரேயின் கப்பல்கள் கரையோர ஆழமற்ற நீரில் புலி. ஆழ்கடலில் அறுபது பீரங்கிக் கப்பலை எதிர்த்து நிற்கக் கூடியவை அல்ல. பேஷ்வா கூப்பிடாவிட்டாலும் என்றைக்காவது இந்த மோதல் வந்திருக்கும். இருக்கலாம். ஆனால் பம்பாய்க்குத் தெற்கே நிம்மதியாகக் கப்பல் ஓட்ட முடியாமல் தவித்தவனுக்கு ஒரே நாளில் வழி திறந்துவிட்டது அந்தத் தீ. அதற்கு அழைப்பு அனுப்பியது புனாவிலிருந்து. இதில்தான் நானும் அவரும் ஒத்துப்போக முடியவில்லை.

எனக்கென்ன இதில் இவ்வளவு ஆத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். கதை விஜயதுர்க்கத்தோடு முடியவில்லை. அதே கப்பல்கள் சென்னைக்கு வந்தன. கிளைவ் 1756 ஜூனில் எங்கள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் கவர்னராகப் பொறுப்பேற்றான். தேவனாம்பட்டினம் பக்கம் அந்தக் கோட்டையின் இடிபாடுகளில்தான் சிறு வயதில் நாங்கள் விளையாடுவோம். அதுவும் 1690-ல் மராத்தியரிடமிருந்து கும்பினியார் விலைக்கு வாங்கியதுதான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள கிராமமெல்லாம் எனக்கு என்று வாங்கினார்கள். குண்டு கிராமங்கள் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு உண்டு. அதே வருடம் அக்டோபரில் வாட்சனும் கிளைவும் சென்னையிலிருந்து வங்காளத்துக்குக் கப்பலேறினார்கள். சென்னைச் சிப்பாய்களும் கூடப் போனார்கள். 1757 ஜனவரியில் கல்கத்தா, ஜூன் 23-ல் பிளாசி. விஜயதுர்க்கத்தில் ஒத்திகை பார்த்த அதே ஜோடி, எங்கள் ஊரில் இளைப்பாறிவிட்டுப் போய் வங்காளத்தை வாங்கியது. ஆகவே சரிடம் நான் சொன்னேன்: "சர், நீங்கள் கோட்டையை விற்றீர்கள், கூலிக்குச் சிப்பாய் போனவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். இரண்டு பேரும் சேர்ந்தே தலை குனியலாம்." அன்றைக்குத்தான் அவர் சிரித்தார், டீயும் வந்தது.

இப்போது கானோஜியின் பெயரை மும்பைக் கடற்படைத் தளத்துக்கே சூட்டியிருக்கிறார்கள், ஐ.என்.எஸ். ஆங்ரே என்று. 1971 டிசம்பர் 4 இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கிய நாளைக் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். 2023-ல் அந்த விழாவைச் சிவாஜி கட்டிய சிந்துதுர்க்கத்திலேயே நடத்தினார்கள். மிக நல்லது. ஆனால் வெற்றிகளை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? நம் சங்க ஆண்டுவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடமாக ராஜேந்திர சோழன் அட்டைக் கப்பலில் கடாரம் போய்க்கொண்டிருக்கிறான்! 1025-ல் போனவன் பெருமை குறையப் போவதில்லை. ஒரு வருடம் ஓய்வு கொடுக்கலாம். இங்கேயே பிறந்து மராத்தியில் சண்டை போட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு, தாங்கள் வாழும் மண்ணும் தாத்தா பிறந்த மண்ணும் ஒரே வருடத்தில் ஒரே கப்பல்களிடம் மாட்டிக்கொண்ட கதை தெரிய வேண்டாமா?

இந்த வருட விழாவுக்கு அரைமணி நேர நாடகம் ஒன்று எழுதித்தர நான் தயார். சர் மராத்தி வசனம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நானாசாகேப்பை முழு வில்லனாக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார், சம்மதித்துவிட்டேன். துளாஜி வேடத்துக்கு என் பேரன் இப்போதே மீசை வரைந்து பார்க்கிறான். கிளைவ் வேடம் போடத்தான் ஒரு பையனும் முன்வரவில்லை. விருப்பமுள்ள பெற்றோர்கள் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.