தண்ணீருக்கும் சேர்த்து விலை பேசுகிறோம்

ஒரு டின் பழைய எண்ணெயைத் தராசில் வைத்தால், எண்ணெயின் எடை மட்டும் அதில் ஏறுவதில்லை. பஜ்ஜி மாவின் தூள், கருகிய கறிவேப்பிலை, உப்பு, இறைச்சியிலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் இறங்கிய நீர், வாணலியைக் கழுவும்போது விழுந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்தே ஏறுகின்றன. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிப்பது பற்றிய பேச்சில் எத்தனை லிட்டர் திரட்டினோம் என்பதே முதலில் வருகிறது. திரட்டியதில் எவ்வளவு எரிபொருளாக மாறும் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அதற்கான விடை பெரும்பாலும் ஆலைக்கு வண்டி புறப்படும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதே என் வாதம். எண்ணெய் சேரும் ஊரிலேயே, சேர்ந்த சில நாட்களுக்குள், அதை ஒரு சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றித் தண்ணீரையும் மண்டியையும் பிரித்துவிட வேண்டும். அதற்கான இயந்திரம் புதியதும் அல்ல, நம் கைக்கு எட்டாததும் அல்ல.

சட்டமும் கொள்கையும் நமக்கு ஏற்கனவே இருக்கின்றன. பொரித்த எண்ணெயில் உருவாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மறுபடியும் சமைக்கக் கூடாது என்ற விதியை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே, பயன்படுத்திய சமையல் எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலுக்குத் திருப்பும் ‘ரூகோ’ திட்டம் வந்தது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெயில் பொரிக்கும் நிறுவனங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்றும் ஆனது. டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்கும் இலக்கை 2030க்கு வைத்து, தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் 2018இல்தான் வெளியானது. 2019 ஆகஸ்ட் 10 அன்று, பழைய சமையல் எண்ணெயிலிருந்து தயாரித்த பயோடீசலை முதல் ஆண்டில் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கத் தயார் என்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டன. இவ்வளவுக்குப் பிறகும் நாட்டில் கலப்பு அளவு ஒரு சதவீதத்துக்குக் கீழேதான் இருந்துவருகிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது மூலப்பொருளின் தரம்.

தண்ணீர் ஏன் இவ்வளவு பெரிய பகை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எண்ணெயோடு மெத்தனாலைச் சேர்த்து, சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஊக்கியாகப் போட்டால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கின்றன. நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் நூறு கிலோ பயோடீசலும் பத்து கிலோ கிளிசரினும் வர வேண்டும் என்பது கணக்கு. தண்ணீர் இருந்தால் இந்தக் கணக்கு தவறிவிடும். ஊக்கியும் தண்ணீரும் சேர்ந்து எண்ணெயின் ஒரு பகுதியைச் சோப்பாக்கிவிடும். அந்தச் சோப்பு பயோடீசலையும் கிளிசரினையும் தெளிவாகப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். கழுவும் கட்டத்தில் எல்லாம் மோர்போலக் கலங்கி நிற்கும். இதைவிட மோசமான வேலையைத் தண்ணீர் ஆலைக்கு வருவதற்கு முன்பே, டின்னுக்குள் இருக்கும்போதே செய்துவிடுகிறது. ஈரமும் உணவுத் துகளும் சேர்ந்த எண்ணெய் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் கொழுப்பு மெல்ல உடைந்து, தனிக் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும். துகள்களில் நுண்ணுயிரிகளும் வளர்ந்து அந்தச் சிதைவை விரைவுபடுத்தும். இந்த அமிலம் ஓரிரண்டு சதவீதத்தைத் தாண்டிவிட்டால் சாதாரண முறை பலிக்காது. முதலில் கந்தக அமிலம் கொண்டு ஒரு தனிச் சுற்று நடத்த வேண்டும், செலவும் நேரமும் கூடும். ஆலைக்கு வந்தபின் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தாலும், வழியில் ஏறிய அமிலத்தை எந்த வடிகட்டியும் இறக்கித் தராது. முதல் வாரத்தில் பிரித்தெடுத்த தண்ணீருக்கும் மூன்றாம் மாதத்தில் பிரித்தெடுத்த தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எண்ணெயைச் சும்மா வைத்துத் தெளியவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பெரிய துளிகள் அடியில் இறங்கிவிடும், உண்மைதான். ஆனால் எண்ணெயின் அடர்த்தி 0.92 அளவில் இருக்கிறது, தண்ணீருடையது 1. இந்தச் சிறு வித்தியாசத்தை நம்பித்தான் துளி கீழே இறங்க வேண்டும். துளியின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். பொரித்த எண்ணெயில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகச் சிதறி நிற்கிறது. வாரக்கணக்கில் வைத்தாலும் அதில் ஒரு பங்கு இறங்குவதில்லை. நாம் பெரும்பாலும் பொரிக்கப் பயன்படுத்தும் பாமாயிலுக்குக் குளிர்ந்தால் உறையும் குணமும் உண்டு. உறைந்த எண்ணெயில் எந்தத் துளியும் நகராது. துணியிலும் பையிலும் வடிகட்டினால் துகள் நிற்கும், தண்ணீர் ஓடிவிடும். துணியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

சென்ட்ரிஃப்யூஜ் செய்வது இதே தெளியவைக்கும் வேலையைத்தான், புவியீர்ப்பைப் பல்லாயிரம் மடங்காக்கி. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கிண்ணம் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுழன்றால் அதன் விளிம்பில் புவியீர்ப்பைப் போல் சுமார் 4,000 மடங்கு விசை கிடைக்கும். சாதாரண டிரம்மில் ஒரு துளி இறங்க ஒரு நாள் முழுவதும் எடுக்கும் தூரத்தை இங்கே 22 நொடிகளில் கடந்துவிடும். எண்ணெயை 80 டிகிரி வரை சூடாக்கினால் அதன் பிசுக்கு நான்கில் ஒரு பங்காகக் குறைவதால் பிரிவது இன்னும் எளிதாகும். கனமான தண்ணீரும் மண்டியும் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ள, தெளிந்த எண்ணெய் உள்விளிம்பில் வழிந்து வெளியே வரும். 1878இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டி லவால் பாலிலிருந்து பாலாடையைத் தொடர்ச்சியாகப் பிரிக்க உருவாக்கிய இயந்திரத்தின் தத்துவம் இதுவே. அதன் வழிவந்த கருவிகள் நம் பால் பண்ணைகளில் தினமும் சுழல்கின்றன. பாலில் கொழுப்பைத் தேடி நடக்கும் அந்த வேலை, இங்கே எண்ணெயிலிருந்து தண்ணீரை விரட்டுவதற்காக நடக்கிறது.

இந்த இயந்திரத்தால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். சிலர் இதை எல்லா நோய்க்கும் மருந்துபோல விற்க முயல்வதால் இதைச் சொல்வது அவசியமாகிறது. எண்ணெயில் கரைந்தே போய்விட்ட தண்ணீரை சென்ட்ரிஃப்யூஜ் பிரிக்காது. சூடு ஏற ஏற எண்ணெய் கூடுதலாகத் தண்ணீரைக் கரைத்துக்கொள்ளும் என்பதால், பிரிப்பதற்காகக் கொடுக்கும் அதே வெப்பம் இந்த வகையில் நமக்கு எதிராகவும் வேலை செய்கிறது. ஆகவே பிரித்த பிறகும் வெற்றிடத்திலோ மிதமான சூட்டிலோ உலர்த்தும் ஒரு கட்டம் ஆலையில் வேண்டும். ஏற்கனவே ஏறிவிட்ட அமிலமும், பலமுறை கொதித்ததால் உண்டான துருவச் சேர்மங்களும் அப்படியே இருக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு அந்தத் தண்ணீரோடு பெருமளவு போய்விடும். இது சின்ன விஷயம் அல்ல. பழைய எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்கும் ஆலைகளில் உப்பின் குளோரைடு குழாய்களை அரிக்கும், எண்ணெயோடு வரும் உலோகக் கூறுகள் ஊக்கிகளைக் கெடுக்கும். சர்வதேச விமானங்களுக்கான எரிபொருளில் 2027இல் ஒரு சதவீதம் உயிரி வழி எரிபொருள் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. சாலையில் மின்வாகனங்கள் பெருகினால் பழைய எண்ணெய்க்கு வேலை இருக்காது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் எந்த ஆலைக்குப் போனாலும் சுத்தமாகப் போக வேண்டும்.

பெரிய ஆலையிடம் பெரிய இயந்திரம் இருக்கும்போது ஊருக்கு ஒன்று எதற்கு என்பது நியாயமான கேள்வி. அமிலம் வழியில் ஏறுவதை மேலே சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்தது போக்குவரத்து. ஐந்து சதவீதம் தண்ணீர் உள்ள ஒரு 200 லிட்டர் டிரம்மில் பத்து லிட்டர் தண்ணீர். நூறு டிரம்களுக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீரை, டீசல் எரித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமந்து செல்கிறோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு இயந்திரம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மணப்பாறை முறுக்கு, சாத்தூர் காராச்சேவு என்று பொரிப்பையே தொழிலாகக் கொண்ட ஊர்களும், உணவகங்கள் நெருங்கிய நகரப் பகுதிகளும் நம்மிடம் இருக்கின்றன. சிறுதொழில் தொகுப்புகளுக்குப் பொது வசதி மையம் அமைக்க அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. அந்த மையங்களுக்குள் எண்ணெயைச் சூடாக்கும் ஒரு கலனும் ஒரு சென்ட்ரிஃப்யூஜும் அமிலம் பார்க்கும் எளிய கருவிகளும் வந்தால் போதும்.

மின்சாரம் வீணாகாதா? 200 லிட்டர் எண்ணெயை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 5 யூனிட் போதும். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால் இன்னொரு 5 யூனிட். அதே 200 லிட்டர் பயோடீசலில் அடங்கிய ஆற்றலை யூனிட்டாகச் சொன்னால் 1,800ஐத் தாண்டும். பத்து யூனிட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

யோசிக்க வேண்டியது பாதுகாப்பைப் பற்றி. மேலே சொன்ன அந்தக் கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மண்டி ஒரு பக்கமாகப் படிந்து சமநிலை குலைந்தாலோ, வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலோ, அந்தக் கிண்ணம் உயிரைப் பறிக்கக்கூடியது. பட்டறையில் ஒரு கிண்ணத்தைக் கடைந்து மோட்டாரில் மாட்டிவிடும் வேலையை ஒருபோதும் ஊக்குவிக்கக் கூடாது. சுழலும் உறுப்புகளைச் சமநிலைப்படுத்திச் சோதிக்கும் திறமை மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யும் கோவையில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கனத்த வெளிக்கூடு, மூடி திறந்தால் நின்றுவிடும் பூட்டு, அதிர்வு கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் உணரி ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கி ஒரு தரவரையறை வகுத்து, அந்தத் தொழிலிடம் கேட்டால் செய்து தருவார்கள் என்று நம்புகிறேன்.

எதிர்வாதங்களில் மிகக் கடினமானது வேறு. கலங்கிய எண்ணெயைக் கண்டால் வாங்குபவர் முகம் சுளிப்பார். தண்ணீரும் மண்டியும் போய்த் தெளிந்து நிற்கும் எண்ணெயை மலிவு விலையில் மறுபடியும் ஒரு வாணலிக்கு விற்றுவிட முடியும். சீனத்தில் கழிவு எண்ணெயைச் சுத்திகரித்துச் சமையலுக்கு விற்ற கும்பல்கள் மீது 2011இல் பெரிய அளவில் நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. துருவச் சேர்மங்கள் சென்ட்ரிஃப்யூஜில் குறைவதில்லை என்பதால், இப்படித் தெளிந்த எண்ணெய் பார்வைக்கு நல்லதாகவும் உடலுக்குக் கேடாகவும் இருக்கும். இந்த ஆபத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. அதனால்தான் இயந்திரத்தைத் தனியார் கிடங்குகளில் விடாமல் பதிவு பெற்ற பொது மையங்களில் மட்டும் வைக்கச் சொல்கிறேன். கிண்ணத்திலிருந்து வழியும் எண்ணெய் அதே குழாயில் நிறமேற்றப்பட்டு வெளியே வர வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் கொடுத்தோம், தொழிற்சாலைச் சாராயத்தைக் குடிக்க முடியாதபடி மாற்றிவைத்தோம். இந்த எண்ணெய்க்கும் அப்படி ஓர் அடையாளம் வேண்டும். எரிபொருளின் தரத்தைப் பாதிக்காத சாயம் எது, எவ்வளவு என்பதை ஆய்வகங்கள் முடிவுசெய்யட்டும். நிறமேற்றும் ஏற்பாடு இல்லாத மையத்துக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது.

கிண்ணத்தில் மிஞ்சும் மண்டியைச் சாக்கடையில் கொட்டினால் ஒரு கேட்டை நீக்கி இன்னொன்றைச் செய்தவர்களாவோம். எண்ணெய் ஊறிய உணவுத் துகள் சாண எரிவாயுக் கலனுக்கு நல்ல தீனி, அளவோடு போட்டால். பிரிந்த தண்ணீரையும் அங்கேயே அனுப்பலாம்.

கடைக்காரருக்கு இதில் என்ன பயன் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. இன்று அவருக்கு லிட்டர் கணக்கில் ஒரே விலை. தண்ணீர் கலந்து கொடுப்பவரும், ஆறவைத்து வடிகட்டி மூடி வைத்துக் கொடுப்பவரும் ஒன்றாகவே நடத்தப்படுகிறார்கள். பால் சங்கத்தில் கொழுப்புச் சத்து பார்த்து விலை போடும் முறை நம் கிராமங்களுக்குப் பழக்கமானது. ஒரு டின்னிலிருந்து சிறு மாதிரி எடுத்துச் சோதனைக் குழாயில் சுழற்றினால், தண்ணீர் எத்தனை மில்லிலிட்டர், மண்டி எத்தனை என்று கடைக்காரரின் கண்முன்னே சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அமில அளவுக்கும் ஒரு எளிய சொட்டுச் சோதனை போதும். இந்த மூன்று எண்களையும் ரசீதில் எழுதி, அவற்றை வைத்து விலை போட வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை இப்போது கேட்கும் பதிவேட்டில் எத்தனை லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே இந்த மூன்றுக்கும் கட்டம் போட்டுக்கொள்ளலாம். பயோடீசல் வாங்கும் எண்ணெய் நிறுவனங்களும் தங்கள் ஒப்பந்தங்களில், மூலப்பொருள் எந்த மையத்தில், சேகரித்த எத்தனையாவது நாளில் பிரிக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கலாம்.